புதிய தாதியர் பயிற்சியை அரங்குக்குள் அடைக்காதீர்கள்: தாதிமைக் கல்விக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் உள்ள எங்கள் மருத்துவமனையின் தாதிமைக் கல்விக் குழுவினருக்கும் தாதிமைத் தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும்,

வார்டில் புதிய தாதியரைப் பொறுப்பேற்றுக் கற்றுக்கொடுக்கும் பிரிசெப்டர்கள் நாங்கள். அடுத்து வேலையில் சேரும் புதிய தாதியருக்கான பயிற்சி அட்டவணை எங்கள் கைக்கு வந்தது. முதல் ஆறு மாதத்தில் எட்டு நாளாகப் பிரித்து நடத்திவந்த பயிற்சியை மூன்று நாளாகச் சுருக்கியிருக்கிறீர்கள். மூன்று நாளும் தொடர்ந்து, அரங்கில், காலை முதல் மாலை வரை விரிவுரை. பொம்மையையோ நடிப்பவரையோ நோயாளியாக வைத்துச் செய்துபார்க்கும் பாவனைப் பயிற்சிக் கூடத்துக்கு மூன்றாம் நாள் பிற்பகலில் இரண்டு மணி நேரம். அதிலும் ஒருவர் செய்வார், மற்றவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். மீதி எல்லாம் இணையப் பாடம், 80 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி. இந்த முடிவை நாங்கள் ஏற்கவில்லை.

இதையே ஆங்கிலத்தில் எழுதி உங்களிடம் கொடுத்தோம். பதில் இல்லை. இப்போது தமிழில் எழுதுவதற்குக் காரணம், வார்டுகளில் வேலை செய்யும் தமிழ்த் தாதியரும், பிள்ளையைத் தாதிமை படிக்க அனுப்பிய பெற்றோரும், என்றைக்காவது அந்தக் கட்டிலில் படுக்கப்போகிறவர்களும் இதைப் படிக்கட்டும் என்பதுதான்.

மாற்றத்துக்கு நீங்கள் சொன்ன காரணங்கள் இரண்டு. ஆள் பற்றாக்குறை ஒன்று. விரிவுரை நாள்களுக்குக் கருத்துப் படிவங்களில் நல்ல மதிப்பெண் கிடைத்திருக்கிறது, செய்துபார்க்கும் நாள்களுக்குக் குறைவு என்பது மற்றொன்று. இரண்டுக்கும் பதில் சொல்கிறோம். அதற்கு முன், புதிய தாதியிடம் உண்மையில் இல்லாதது எது என்று பார்த்துவிடுவோம். அதில் தெளிவு இல்லாததால்தான் இந்த அட்டவணை இப்படி வந்திருக்கிறது.

ஐடிஇ என்ற தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படித்தவரோ, பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளோமா முடித்தவரோ, பல்கலைக்கழகப் பட்டதாரியோ, வெளிநாட்டில் படித்து இங்கே பதிவு பெற்றவரோ, யாருக்கும் பாடம் தெரியாமல் இல்லை. இரத்தத்தில் சுகர் (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்) 4க்குக் கீழே இறங்கினால் என்ன செய்வது என்று தாளில் கேளுங்கள். விழிப்போடு இருந்தால் வேகமாக உடலில் சேரும் சர்க்கரை 15 கிராம், 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்க்க வேண்டும் என்று பிழையில்லாமல் எழுதிவிடுவார்கள். அதே ஆள் காலை ஏழரைக்கு வார்டில் நிற்கிறார். ஆறாம் கட்டிலில் சுகர் 3.4. எட்டாம் கட்டில் பாட்டி தானே எழுந்து கழிவறைக்குப் போகப் பார்க்கிறார். விழுந்துவிடும் அபாயம் உள்ளவர். எங்கோ ஒரு பம்ப் கத்துகிறது. மருந்து வண்டி திறந்தபடி நடுவழியில் நிற்கிறது. டாக்டர்கள் ரவுண்டு தொடங்கியாகிவிட்டது.

அனுபவமுள்ள தாதி என்ன செய்வார்? மருந்து வண்டியைப் பூட்டுவார், அதற்கு இரண்டு நொடி போதும். குரல் கொடுத்து உதவியாளரை எட்டாம் கட்டிலுக்கு அனுப்புவார். சர்க்கரையை எடுத்துக்கொண்டு ஆறுக்குப் போகும் வழியிலேயே பம்பில் ஓடுவது வெறும் சலைனா, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினா என்று ஒரு பார்வை பார்ப்பார். டாக்டரிடம் “இரண்டு நிமிடத்தில் வருகிறேன்” என்பார். புதியவருக்கு இந்த ஐந்தும் தனித்தனியாகத் தெரியும். எதை முன்னால் வைப்பது, யாரிடம் ஒப்படைப்பது, எதைத் தைரியமாக ஒத்திப்போடுவது என்பது தெரியாது. அதைத் தவறாகச் செய்து, ஏன் தவறு என்று உடனே கேட்டுத் திருத்திக்கொண்டால்தான் வரும். ஸ்லைடில் எழுதிக்காட்டினால் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். படித்துவந்த உலகத்துக்கும் வார்டுக்கும் உள்ள இந்தப் பள்ளத்துக்கு அமெரிக்கத் தாதிமை ஆய்வாளர் மார்லின் கிரேமர் 1974லேயே ‘யதார்த்த அதிர்ச்சி’ என்று பெயர் வைத்துவிட்டார். ஐம்பது ஆண்டு கடந்தும் அந்தப் பள்ளத்தை விரிவுரையால் நிரப்பப் பார்க்கிறோம்.

இன்னொரு உதாரணம். நோயாளி நல்ல விழிப்போடு பேசுகிறார். மூச்சு நிமிடத்துக்கு 22. குழாய் ஆக்சிஜன் இல்லாமல் ஆக்சிஜன் அளவு 94. மேல் பிரஷர் 104. நாடி 112. காய்ச்சல் 38.3. எந்த எண்ணும் தனியாகப் பார்த்தால் பயமுறுத்தாது. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2017இல் வெளியிட்ட ‘நியூஸ் 2’ என்ற முன்னெச்சரிக்கை மதிப்பெண் அட்டவணைப்படி கூட்டிப் பாருங்கள்: மூச்சுக்கு 2, ஆக்சிஜனுக்கு 1, பிரஷருக்கு 1, நாடிக்கு 2, காய்ச்சலுக்கு 1. மொத்தம் 7. ஏழு என்றால் அவசரக் குழுவை உடனே அழைக்க வேண்டிய நிலை.

அரங்கில் உட்கார்ந்து இந்தக் கூட்டலை எல்லோரும் சரியாகப் போடுவார்கள். வார்டில் கூட்டல் தவறுவதில்லை; முதல் எண்ணே தவறிவிடுகிறது. பிரஷர், நாடி, ஆக்சிஜன் எல்லாவற்றையும் மெஷின் காட்டும். நாம் தள்ளிக்கொண்டு போகும் அந்த மெஷின் மூச்சை எண்ணாது. ஒரு நிமிடம் முழுக்க நின்று எண்ண நேரமில்லை என்று 18 என்று எழுதிவிடுகிறார்கள். எத்தனை நோயாளிகளின் தாளில் வரிசையாக 18, 18, 18 என்று இருக்கிறது என்று நீங்களே எடுத்துப் பாருங்கள். மேலே சொன்னவருக்கு 22க்குப் பதில் 18 என்று எழுதினால் மொத்தம் 7 இல்லை, 5. அவசரக் குழு வராது.

இதை எப்படிக் கற்றுக்கொடுப்பது? மூச்சுவிடும் நெஞ்சின் வீடியோவை ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். ஒவ்வொருவரும் எண்ணித் தாளில் எழுதட்டும், பேசாமல். பிறகு எல்லாத் தாளையும் பலகையில் ஒட்டுங்கள். ஒரே நெஞ்சுக்கு 16 முதல் 26 வரை விடை வரும். அடுத்து அதே வீடியோவை 15 நொடி மட்டும் ஓடவிட்டு நான்கால் பெருக்கச் சொல்லுங்கள். ஒரு மூச்சு விட்டுப்போனால் நான்கு குறைகிறது என்பதைக் கண்ணால் பார்ப்பார்கள். மூன்றாவதாக, வீடியோவில் இருப்பவரைப் பேசவைத்து எண்ணச் சொல்லுங்கள். மொத்தம் 20 நிமிடம். செலவு இல்லை. இதைச் செய்தவர் அடுத்த வாரம் 18 என்று எழுதப் போகும்போது கை கொஞ்சம் தயங்கும். அந்தத் தயக்கம்தான் எங்களுக்கு வேண்டும்.

விடிகாலை மூன்று மணிக்கு டாக்டருக்குப் போடும் போன் அடுத்த சிக்கல். நிலைமை, பின்னணி, கணிப்பு, கோரிக்கை என்ற ‘எஸ்பார்’ வரிசையை எல்லோரும் ஒப்பிப்பார்கள். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பலில் பிறந்த முறை என்ற வரலாறுகூடத் தெரிந்திருக்கும். போன் எடுத்ததும் நடப்பது வேறு. “டாக்டர், இவர் போன வாரம் அட்மிட் ஆனார், சர்க்கரை நோய் இருக்கிறது, முன்னே ஒரு பைபாஸ்…” என்று பின்னணியிலேயே ஒரு நிமிடம் போய்விடும். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் டாக்டர் “இப்போ என்ன பிரச்சினை?” என்று வெட்டியதும் சொல்ல வந்தது சிதறிவிடும். கடைசியில் “சரி, பார்த்துக்கொள்ளுங்கள்” என்ற பதிலோடு போன் வைக்கப்படும். “நீங்கள் 15 நிமிடத்துக்குள் வந்து பார்க்க வேண்டும்” என்ற வாக்கியம் வாயிலிருந்து வரவே இல்லை.

இதற்கான பயிற்சி எளிது. இருவரை முதுகோடு முதுகு உட்காரவையுங்கள். முகம் தெரியக் கூடாது. போனில் முகம் தெரியாதே. ஒருவர் தாதி, மற்றவர் டாக்டர். நேரம் 60 நொடி. டாக்டர் இரண்டு முறை குறுக்கிட வேண்டும். மூன்றாமவர் நான்கே நான்கு கட்டங்களில் குறிப்பார்: நோயாளியின் பெயரும் கட்டில் எண்ணும் வந்ததா, எண்கள் வந்தனவா, கோரிக்கை நேரத்தோடு வந்ததா, டாக்டர் சொன்ன உத்தரவைத் திருப்பிச் சொன்னாரா. மூன்று சுற்று. முதல் சுற்றில் அன்பான டாக்டர், இரண்டாவதில் அவசரக்காரர், மூன்றாவதில் “காலையில் பார்க்கலாம்” என்று தள்ளிப்போடுபவர். மூன்றாவது சுற்றைத் தவிர்க்காதீர்கள். “எனக்கு இன்னும் கவலையாக இருக்கிறது, மூத்த டாக்டரை அழைக்கப் போகிறேன்” என்று சொல்ல முதல் தடவை எல்லோருக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அது பயிற்சிக் கூடத்தில் ஒட்டிக்கொள்ளட்டும்.

மருந்துப் பயிற்சி உங்கள் புதிய அட்டவணையில் ‘உயர் அபாய மருந்துகள்’ என்று ஒன்றரை மணி நேர விரிவுரையாக இருக்கிறது. 100 யூனிட் இன்சுலின் ஒரு மில்லிலிட்டரில் இருக்கிறது என்று ஸ்லைடில் வரும். பத்து யூனிட் என்பது 0.1 மில்லிலிட்டர், கண்ணுக்குத் துளிபோலத்தான் தெரியும் என்பது இன்சுலின் சிரிஞ்சையும் சாதாரண ஒரு மில்லி சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உறிஞ்சிப் பார்த்தால்தான் உறைக்கும். சாதாரண சிரிஞ்சில் ஒரு மில்லி இழுத்தால் நூறு யூனிட். இந்தப் பத்து மடங்குப் பிழை அறியாமையால் வருவதில்லை. சரியான சிரிஞ்ச் கையில் இல்லாத நேரத்தில், அவசரத்தில் வருகிறது. பொட்டாசியம் குளோரைடும் அப்படித்தான். கை நரம்பு வழியாக மணிக்கு 10 மில்லிமோலுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று சாதாரண வார்டில் கடைப்பிடிக்கும் வரம்பு எல்லோருக்கும் தெரியும். 500 மில்லியில் 20 மில்லிமோல் கலந்த பையை எந்த வேகத்தில் ஓடவிடுவது என்று பம்ப் முன்னால் நிறுத்திக் கேளுங்கள். மணிக்கு 250 மில்லிதான் உச்சம் என்று கணக்குப் போட்டு வந்தவர்கூட, ‘வேகம்’ கேட்கும் இடத்தில் ‘மொத்த அளவு’ 500ஐத் தட்டிவிடுவார். அப்படி ஓடினால் மணிக்கு 20 மில்லிமோல். மெஷினைத் தொடாமல் இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

பம்ப் போன்ற கருவிக்கு ரோட்னி பெய்டன் 1998இல் வகுத்த நான்கு படி முறையே போதும். முதலில் பயிற்றுநர் வழக்கமான வேகத்தில், பேசாமல், முழுவதையும் செய்து காட்டுவார். அடுத்து ஒவ்வொரு அசைவையும் விளக்கியபடி மெதுவாகச் செய்வார். மூன்றாவதாக, புதியவர் வாயால் கட்டளை சொல்ல, பயிற்றுநர் சொன்னதை மட்டும் செய்வார்; தவறாகச் சொன்னால் தவறாகவே செய்துவிட்டு நிறுத்துவார். நான்காவதாகத்தான் புதியவர் கை வைப்பது. நேரம் போதவில்லை என்று எல்லோரும் வெட்டுவது மூன்றாவது படியை. புதியவரின் மனத்துக்குள் வரிசை எப்படி இருக்கிறது என்று வெளியே தெரிவது அந்த ஒரு படியில்தான்.

பணமே செலவில்லாத இன்னொன்றையும் சொல்கிறோம். காலியான ஓர் அறையில் கட்டிலைப் போட்டு, பொம்மையைப் படுக்கவைத்து, பத்துப் பிழைகளை வேண்டுமென்றே வையுங்கள். சிறுநீர்ப் பை இடுப்புக்கு மேலே தொங்கட்டும். அழைப்பு மணி கைக்கு எட்டாமல் தரையில் கிடக்கட்டும். பென்சிலின் ஒவ்வாமை என்று கோப்பில் இருக்கட்டும், கைப்பட்டையில் அது இல்லாமல் இருக்கட்டும். டிரிப் பையில் கலந்த மருந்தின் லேபிள் இருக்க வேண்டாம். ஆக்சிஜன் முகமூடியின் குழாயைச் சுவரில் ஆக்சிஜனுக்குப் பதில் சாதாரணக் காற்று வரும் குழாயில் மாட்டிவிடுங்கள். நிஜத்தில் நடக்கும் பிழை இது, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால். இருவர் இருவராக எட்டு நிமிடம் உள்ளே அனுப்பிக் கண்டதை எழுதச் சொல்லுங்கள். கைப்பட்டையை ஏறக்குறைய எல்லோரும் பார்த்துவிடுவார்கள். காற்றுக் குழாயைப் பலர் தவறவிடுவார்கள். ஏன் தவறினோம் என்று அவர்களே பேச ஆரம்பிப்பார்கள், அப்போது பயிற்றுநர் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும்.

வாயைத் திறக்காமல் இருப்பதுதான் எங்களுக்கு வராத கலை. பாவனைப் பயிற்சியில் பெரும்பாலும் சொதப்புவது பின்பேச்சில். காட்சி பத்து நிமிடம் என்றால் அதைப் பற்றிய பேச்சு இருபது நிமிடம் வேண்டும். நடப்பது தலைகீழ். காட்சி இழுத்துக்கொண்டு போகும், பிறகு ஐந்து நிமிடத்தில் “நீங்கள் இதை மறந்தீர்கள், அதை மறந்தீர்கள், நேரமாகிவிட்டது” என்று முடிந்துவிடும். எல்லார் முன்னாலும் ஒருவரைக் குறை சொன்னால் அவர் மட்டுமில்லை, பார்த்துக்கொண்டிருந்த ஐந்து பேரும் அடுத்த முறை கை தூக்க மாட்டார்கள். ‘பைசே’ என்று நாம் சொல்லும் அந்தக் கூச்சத்தைக் கணக்கில் எடுக்காத பயிற்சி சிங்கப்பூரில் எடுபடாது. “ஏதாவது கேள்வி இருக்கிறதா?” என்று கேட்டால் அமைதிதான் பதில். அமைதியைப் ‘புரிந்துவிட்டது’ என்று எடுத்துக்கொள்கிறோம். முதலில் தனியாக எழுதட்டும், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு பேசட்டும், பிறகு சபையில் சொல்லட்டும். கேள்வி கேட்டுவிட்டு மூன்று நொடியாவது காத்திருங்கள். பெரும்பாலானோர் ஒரு நொடிகூடக் காத்திருப்பதில்லை. தாங்களே விடையைச் சொல்லிவிடுகிறார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 140 ஸ்லைடு ஓட்டிவிட்டுக் கடைசியில் கஹூட் என்ற கைப்பேசி வினாடி வினா வைத்து முதல் மூன்று பேருக்குச் சாக்லேட் கொடுப்பது செயல்வழிக் கற்றல் இல்லை. எல்லோரும் சிரிப்பார்கள், படத்துக்கு நன்றாக இருக்கும். வேகமாகத் தட்டுகிறவருக்கு மதிப்பெண் கொடுக்கும் விளையாட்டு, நின்று யோசிக்க வேண்டிய வேலைக்கு நேர் எதிரான பழக்கத்தைத்தான் ஊட்டுகிறது.

மொழியைப் பற்றி. உங்கள் பாவனைக் காட்சிகளில் எல்லா நோயாளிகளும் சுத்தமான ஆங்கிலம் பேசுகிறார்கள். வார்டில் எண்பது வயதுத் தமிழ்ப் பாட்டி “மயக்கமா வருதும்மா” என்கிறார். அதற்குத் தலைசுற்றல் என்றும் பொருள், சோர்ந்து கண் சொக்குகிறது என்றும் பொருள், நினைவு தப்பப்போகிறது என்றும் பொருள். மொழிபெயர்க்கும் மகன் “கிட்டி” (giddy) என்று ஒரே ஆங்கிலச் சொல்லில் முடித்துவிடுவார். தலையில் அடிபட்டவர் விஷயத்தில் தலைசுற்றலுக்கும் கண் சொக்கலுக்கும் உள்ள வித்தியாசம் உயிர் விஷயம். “எழுந்து உட்கார்ந்தால் சுத்துதா, படுத்திருக்கும்போதும் தூக்கம் தூக்கமா வருதா?” என்று பிரித்துக் கேட்கத் தெரிய வேண்டும். வலி எவ்வளவு என்று கேட்டால் “பரவாயில்ல மிஸ்ஸி” என்று சொல்லிக்கொண்டே வயிற்றைப் பிடித்திருக்கும் தாத்தாவின் தாளில் ‘2’ என்று எழுதக் கூடாது. ஹொக்கியனிலும் மலாயிலும் இப்படி எத்தனையோ இருக்கும். அந்தந்த மொழி பேசும் சக தாதியர் அதைச் சொல்வார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த புதிய தாதிக்குத் தமிழ்ப் பாட்டி புரியும், பக்கத்துக் கட்டில் ஆ மா, அதாவது சீனப் பாட்டி, பேசுவது புரியாது. காட்சிக்கு நோயாளியாக நடிக்க ஒரு மலாய், ஒரு தமிழ், ஒரு சீனச் சகாவைக் கூப்பிட்டால் போதும்.

இனி உங்கள் காரணங்களுக்கு வருகிறோம். கருத்துப் படிவம் முதலில்.

2019இல் ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று உங்கள் குழுவின் மேசையில் இருக்க வேண்டும். செய்து கற்றவர்கள் சோதனையில் அதிகம் எடுத்தார்கள். ஆனால் ‘நான் நன்றாகக் கற்றேன்’ என்று அதிகம் சொன்னவர்கள் சரளமான விரிவுரையைக் கேட்டவர்கள். தடுமாறியவர் தடுமாற்றத்தைக் கற்காமை என்று எண்ணிக்கொள்கிறார். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் காட்டியதும் இதற்கு நெருக்கமானதே: பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 40 விழுக்காடு நினைவிருந்தது, ஒருமுறை படித்துவிட்டு மூன்று முறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 விழுக்காடு. ஆனால் தங்களுக்கு நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு இருந்தவர்கள் முதல் கூட்டத்தார். ஆக, மாலை ஐந்து மணிக்கு வாங்கும் படிவம் பயிற்றுநர் எவ்வளவு சரளமாகப் பேசினார் என்பதைத்தான் அளக்கிறது. அதைச் சான்றாக வைத்துப் பயிற்சியை வெட்டுவது சுகர் பார்க்க வேண்டிய இடத்தில் காய்ச்சல் பார்ப்பது போன்றது.

அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வந்த கணக்கில், விரிவுரை வகுப்பில் தோற்றவர்கள் சராசரியாக 33.8 விழுக்காடு, செயல்வழி வகுப்பில் 21.8. இவர்கள் கல்லூரி மாணவர்கள், தாதியர் இல்லை என்று நீங்கள் சொல்லலாம், நியாயம்தான். அப்படியானால் அதே 2014இல் அமெரிக்கத் தாதிமை வாரியங்களின் கூட்டமைப்பு பத்துக் கல்லூரிகளில் நடத்திய ஆய்வைப் பாருங்கள். மருத்துவமனைப் பயிற்சி நேரத்தில் பாதி வரை தரமான பாவனைப் பயிற்சியாக மாற்றியும், படிப்பு முடிவில் திறமை குறையவில்லை. ‘தரமான’ என்ற சொல்லைக் கவனியுங்கள்: பயிற்சி பெற்ற பயிற்றுநர், முறையான பின்பேச்சு. ஒருவர் செய்ய இருபத்து மூன்று பேர் பார்ப்பது அதில் சேராது.

மூன்று நாளைத் தொடர்ந்து வைப்பதிலும் பிழை இருக்கிறது. கற்றது நாளாக ஆக எப்படிக் கரைகிறது என்று காட்டும் மறதியின் வளைவை ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் வெளியிட்டது 1885இல். வேடிக்கை என்னவென்றால், சிங்கப்பூரில் பிரெஞ்சுக் கன்னியர் மருத்துவமனையில் தாதிமைப் பணியைத் தொடங்கியதும் அதே ஆண்டில். ஆகஸ்டு 1ஐத் தாதியர் தினமாக நாம் கொண்டாடுவது அதன் நினைவாகத்தான். முதல் வாரத்தில் கேட்ட இரத்தம் ஏற்றும் முறையைப் புதியவர் முதன்முதலாகச் செய்வது மூன்றாம் மாதத்தில் இருக்கலாம். முதல் 15 நிமிடம் பக்கத்தில் நிற்க வேண்டும், பை வந்ததிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதெல்லாம் அதற்குள் கரைந்திருக்கும். எட்டு நாளை ஆறு மாதத்தில் பரப்பியதற்குக் காரணமே இதுதான்.

அடுத்து ஆள் பற்றாக்குறை. கணக்குப் போடுவோம். இருபத்து நான்கு பேர், மூன்று மணி நேரம். விரிவுரை என்றால் ஒரு பயிற்றுநர், மூன்று மணி. புதியவர்களின் நேரம் 72 மணி. மொத்தம் 75. அதையே ஆறு ஆறு பேராக நான்கு குழுவாக்கி, நான்கு இடங்களில் தலா 45 நிமிடம் சுற்றவிட்டால் நான்கு பயிற்றுநர், தலா மூன்று மணி, ஆக 12 மணி. மொத்தம் 84. அதிகம் ஆவது ஒன்பது மணி நேரம்தான். எழுபத்திரண்டு மணி நேரத்தை எப்படியும் செலவழிக்கப் போகிறீர்கள். அதில் தூங்கவைப்பதா, வேலை வாங்குவதா என்பதே கேள்வி. நான்கு பயிற்றுநரும் கல்விப் பிரிவிலிருந்து வர வேண்டியதில்லை. மூச்சு எண்ணும் வீடியோவையும் பிழை அறையையும் இரண்டாம் ஆண்டுத் தாதி ஒருவர் நடத்தலாம், அவருக்கும் அது பயிற்சி.

தாதியரைத் தக்கவைக்க 20 ஆண்டுகளில் 100,000 சிங்கப்பூர் வெள்ளி வரை கொடுக்கும் ‘ஏஞ்சல்’ திட்டத்தைச் சுகாதார அமைச்சு 2024இல் அறிவித்தது. வரவேற்கிறோம். இருபது ஆண்டு இருக்க வேண்டியவர் முதல் ஆண்டைத் தாண்ட வேண்டுமே. முதல் இரவு ஷிஃப்டில் தனியாக விடப்பட்டு, சொல்லிக்கொடுக்காததைச் செய்யவில்லை என்று ஹேண்ட்ஓவரில் திட்டு வாங்குகிறவர், பணத்தை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்.

இணையப் பாடத்தை நாங்கள் எதிர்க்கவில்லை. விதிமுறைகள், படிவங்கள், மருந்து அட்டவணை ஆகியவற்றைப் பயிற்சிக்கு முன்னால் படித்துவர அது நல்ல வழி. இப்போது இருக்கும் வடிவத்தில், எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம், கேள்விகள் மாறுவதில்லை, விடைகள் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. இரவு ஷிஃப்ட் முடிந்து பேருந்தில் போகும்போது ‘அடுத்து, அடுத்து’ என்று தட்டி முடிக்கிறார்கள். அதற்கு வேலை நேரமும் ஒதுக்கப்படவில்லை. 80 விழுக்காடு என்பதற்கு இங்கே பொருளே இல்லை.

எங்கள் பக்கத்துக் குறையையும் மறைக்கவில்லை. திறன் பட்டியலில் கையெழுத்துப் போடுவது நாங்கள்தான். கடைசி வாரத்தில் புதியவர் புத்தகத்தை நீட்டி “அக்கா, சைன் மட்டும் போட்டுடுங்க” என்பதும், மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே போட்டுக்கொடுப்பதும் நடக்கிறது. பிரிசெப்டர் காலை ஷிஃப்டில், புதியவர் மதிய ஷிஃப்டில் என்று ரோஸ்டர் போட்டால் வேறென்ன நடக்கும்? முதல் வாரமே புதியவரை ஓர் ஆளாகக் கணக்கிட்டு ஐந்தாறு நோயாளிகளைக் கொடுத்துவிட்டால், அவரை நிறுத்திக் கற்றுக்கொடுக்க எங்களுக்கும் நேரம் இல்லை, நின்று கேட்க அவருக்கும் நேரம் இல்லை.

ஆகவே நாங்கள் கேட்பவை இவை.

மூன்று நாள் அட்டவணையை அடுத்த புதியவர்கள் சேரும் முன் திரும்பப் பெறுங்கள். எட்டு நாளை முதல் ஆறு மாதத்தில் பரப்பிய பழைய முறையை மீண்டும் கொண்டுவாருங்கள். நாளைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால் விரிவுரையைக் குறையுங்கள், செய்துபார்க்கும் நேரத்தைத் தொடாதீர்கள்.

எந்தப் பயிற்சி நாளிலும் நேரத்தில் மூன்றில் இரண்டு பங்காவது புதியவர் கையாலோ வாயாலோ வேலை செய்யும் நேரமாக இருக்கட்டும். பாவனைக் கூடத்தில் ஒரு குழுவுக்கு ஆறு பேருக்கு மேல் வேண்டாம். ஒவ்வொருவரும் ஒரு முறையாவது பொறுப்புத் தாதியாக நின்று காட்சியை நடத்த வேண்டும், பின்பேச்சு காட்சியைப் போல் இரண்டு மடங்கு நேரம் நடக்க வேண்டும்.

பாவனைப் பயிற்சியை நடத்துபவர்களுக்குப் பின்பேச்சு நடத்தும் பயிற்சியைக் கொடுங்கள். எங்களையும் சேர்த்துத்தான்.

புதியவரும் அவருடைய பிரிசெப்டரும் முதல் நான்கு வாரம் ஒரே ஷிஃப்டில் இருக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் புதியவரை வார்டின் ஆள் கணக்கில் சேர்க்கக் கூடாது. பயிற்சி நாளன்று “வார்டில் ஆள் இல்லை” என்று யாரையும் திருப்பி அழைக்கக் கூடாது. அழைத்தால் அதை எழுத்தில் பதிவு செய்து, விட்டுப்போன பயிற்சியை ஒரு மாதத்துக்குள் ஈடுகட்ட வேண்டும்.

திறன் பட்டியலில் ஒரே கையெழுத்துக் கட்டத்தை எடுத்துவிட்டு மூன்று கட்டம் வையுங்கள்: பார்த்தார், துணையோடு செய்தார், தனியாகச் செய்தார். மூன்றுக்கும் தனித்தனித் தேதி. ஒரே தேதியில் பத்துக்கு மேல் கையெழுத்து இருந்தால் புத்தகம் எங்களிடமே திரும்பி வரட்டும்.

இணையப் பாடத்துக்கு வேலை நேரம் ஒதுக்குங்கள், கேள்விகளை மாற்றுங்கள், அதை மட்டும் வைத்து யாரையும் ‘தகுதி பெற்றார்’ என்று பதியாதீர்கள்.

கருத்துப் படிவத்தை வைத்துக்கொள்ளுங்கள். அதோடு மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் வார்டில் நேரில் அளங்கள்: மூச்சு எண்ணிக்கை சரியா, மோசமாகும் நோயாளியைப் பற்றிய அழைப்பு எவ்வளவு நேரத்தில் போனது, பம்ப் அமைப்பில் பிழை உண்டா. அந்த முடிவுகளை எங்களுக்கும் காட்டுங்கள்.

பயிற்சியை முடிவு செய்யும் குழுவில் வார்டிலிருந்து இரண்டு பிரிசெப்டரையும், சேர்ந்து ஓராண்டு முடித்த இரண்டு தாதியரையும் சேருங்கள். அவர்களில் ஒருவராவது என்ரோல்ட் நர்ஸாக (பதிவு பெற்ற தாதிக்கு அடுத்த நிலைத் தாதியாக) இருக்கட்டும்.

மேலே சொன்ன பிழை அறை, போன் பயிற்சி, மூச்சு எண்ணும் பயிற்சி மூன்றுக்கும் நடத்தும் குறிப்பை எழுதிவைத்திருக்கிறோம். கேட்டால் மறுநாளே தருகிறோம், முதல் முறை நாங்களே நடத்தியும் காட்டுகிறோம். இந்த மடலுக்கு 14 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
வார்டுகளில் புதிய தாதியருக்குப் பொறுப்பேற்றிருக்கும் பிரிசெப்டர்கள்